மாமல்லபுரம் கலங்கரை விளக்கம்: ஒரே குன்றில் இரண்டு விளக்குகள், முழுமையான வழிகாட்டி

மாமல்லபுரம் போகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் ஊரைப் பார்க்கிறார்கள். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, வெண்ணெய்ப் பந்து என்ற உருண்டைப் பாறையின் அடியில் அதைத் தாங்குவது போல ஒரு படம், பிறகு சாப்பாடு. கலங்கரை விளக்கம் நேரம் மிஞ்சினால் ஏறும் இடமாகவே நின்றுவிடுகிறது. பெரும்பாலும் நேரம் மிஞ்சுவதில்லை.

இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள் என்பதே என் யோசனை. ஊரின் நடுவே வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் குன்றின் மேல், தெற்குக் கோடியை ஒட்டி நிற்கிறது இந்தக் கல் கோபுரம். அதன் உச்சியில் கால் மணி நேரம் நின்றால், எது எங்கே இருக்கிறது, பல்லவர்கள் ஏன் இந்தப் பாறையைத் தேர்ந்தெடுத்தார்கள், கடல் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதெல்லாம் கண்ணெதிரே விரியும். அதன் பிறகு கீழே சுற்றும்போது வழிகாட்டிப் பலகை தேட வேண்டியதில்லை. போதாததற்கு, அதே குன்றில் இதற்கு முன்பு விளக்கு எரிந்த பழைய இடமும் இருக்கிறது. அது ஒரு பல்லவர் கோயிலின் கூரை.

போய்ச் சேருவது

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ஏறக்குறைய 55 முதல் 60 கிலோமீட்டர். திருவான்மியூர் பக்கத்திலிருந்து பஸ் பிடிப்பது எளிது. புதுச்சேரிக்குப் போகும் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் நடத்துநரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். பல பஸ்கள் ஊருக்குள் வராமல் புறவழிச் சாலைச் சந்திப்பிலேயே இறக்கிவிடும். அங்கிருந்து ஆட்டோ பிடிக்க வேண்டும். ரயிலில் வருவதென்றால் செங்கல்பட்டில் இறங்கி, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் பஸ்ஸில் வரலாம்.

பஸ் நிலையத்தில் இறங்கியதும் வழி கேட்கத் தேவையில்லை. அர்ச்சுனன் தபசு இருக்கும் மேற்கு ராஜ வீதிக்கு வந்து, குன்றை வலப்பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே, ஐந்து ரதம் போகும் திசையில் நடந்தால் போதும். வழியெல்லாம் சிற்பக் கூடங்கள். உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இப்போது அதோடு மின் அரவையின் கீச்சொலியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாங்குவதாக இருந்தால் திரும்பும்போது வாங்குங்கள். கல்லைப் பையில் போட்டுக்கொண்டு கோபுரம் ஏறுவது வேண்டாத வேலை.

எந்த நேரம்

இதில் இரண்டு நோக்கங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. கூட்டமில்லாமல், வெயில் ஏறுவதற்குள் பார்க்க வேண்டுமானால் காலையில் திறந்தவுடன் போவது நல்லது. படம் எடுப்பதுதான் முக்கியம் என்றால் மாலை மூன்று மணிக்குப் பிறகு போக வேண்டும். காலையில் சூரியன் கடல் பக்கம் இருப்பதால் கடற்கரைக் கோயில் கரிய நிழலுருவாகத்தான் படத்தில் விழும். மாலையில் வெளிச்சம் மேற்கிலிருந்து வந்து கோயிலின் மேல் நேராகப் படும்.

ஆனால் இது அரசு வளாகம். மதிய இடைவேளை உண்டு, மாலையில் சூரியன் மறையும் வரை காத்திருக்கவும் மாட்டார்கள். நேரமும் கட்டணமும் அவ்வப்போது மாறுவதால் வாசலில் எழுதியிருப்பதுதான் முடிவானது. கட்டணம் சிறு தொகைதான், கேமராவுக்குத் தனி. சில்லறை கொண்டு போங்கள்.

இங்கே ஒரு குழப்பம் எல்லோருக்கும் வருகிறது. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் வாங்கும் டிக்கெட் தொல்லியல் துறையுடையது. அது கலங்கரை விளக்கத்துக்குச் செல்லாது. கோபுரம் மத்திய அரசின் கலங்கரை விளக்கங்கள் மற்றும் கலங்கரைக் கப்பல்கள் தலைமை இயக்குநரகத்தின் பொறுப்பில் இருக்கிறது. ஒரே குன்றில் இரண்டு துறைகள், இரண்டு டிக்கெட். வாசலில் நின்று வாதாடிப் பயனில்லை.

காலையில் வருகிறவர்களுக்கு நான் சொல்லும் ஏற்பாடு இது. தொல்லியல் துறை இடங்கள் சீக்கிரமே திறந்துவிடும். ஆகவே முதலில் மகிஷாசுரமர்த்தினி குகை, அடுத்து அதன் மேலிருக்கும் பழைய விளக்குக் கோயில், அதற்குள் கோபுரம் திறந்திருக்கும். மாதங்களைப் பொறுத்தவரை டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை சிறந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறை வழுக்கும். சித்திரை வெயிலில் பத்து மணிக்கே பாறை கொதிக்கத் தொடங்கிவிடும்.

குகையில் தொடங்குங்கள்

மகிஷாசுரமர்த்தினி குகை கிழக்கு பார்த்தது. காலை வெளிச்சம் உள்ளே வரும் என்பதும் இங்கிருந்து தொடங்கச் சொல்வதற்கு ஒரு காரணம்.

உள்ளே நுழைந்ததும் வலப்பக்கச் சுவரில் போர், இடப்பக்கச் சுவரில் தூக்கம். வலப்பக்கம் எட்டுக் கைகளுடன் துர்க்கை சிங்கத்தின் மேல் அமர்ந்து, வில்லை இழுத்தபடி முன்னேறுகிறாள். எதிரே மகிஷன், மனித உடலும் எருமைத் தலையுமாக. அவனை இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். கதாயுதத்தை இரு கைகளிலும் பிடித்திருக்கிறான், இன்னும் தோற்றுவிடவில்லை. ஆனால் உடலின் பாரம் முழுதும் பின்னங்காலுக்குப் போய்விட்டது. ஓடுவதா நிற்பதா என்று உடல் முடிவு செய்துகொண்டிருக்கும் அந்தக் கணத்தைச் சிற்பி பிடித்துவிட்டான். பெரும்பாலான கோயில்களில் அசுரன் காலடியில் வெட்டுண்டு கிடப்பான். இங்கே போர் முடியவில்லை. தேவியின் பக்கம் குள்ளமான பூதகணங்கள் உற்சாகமாக முன்னே பாய, அசுரன் பக்கத்து வீரர்கள் சரிந்து விழுந்துகொண்டிருக்கிறார்கள்.

எதிர்ச் சுவரில் அனந்தசயனத் திருமால். காலடியில் மதுவும் கைடபனும் தாக்க வந்து தயங்கி நிற்கிறார்கள். அவர் கண் திறக்கவில்லை. நடுக் கருவறையின் பின்சுவரில் சோமாஸ்கந்தர், அதாவது சிவனும் உமையும் குழந்தை முருகனும். போரையும் தூக்கத்தையும் எதிரெதிரே வைத்துவிட்டு, நடுவில் ஒரு குடும்பத்தை உட்கார வைத்தவர்களின் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும்.

பழைய விளக்கு: ஒலக்கண்ணேசுவரர் கோயில்

குகைக்கு நேர் மேலே, பாறையின் தலையில் நிற்கும் சிறிய கற்கோயில்தான் ஒலக்கண்ணேசுவரர். பாறையில் வெட்டிய செங்குத்தான படிகளில் ஏற வேண்டும். படிகள் தேய்ந்தவை, கைப்பிடியை நம்பாதீர்கள். காவலர் அந்தப் பக்கம் விடாத நாளானால், கீழிருந்தும் கோபுரத்திலிருந்தும் பார்த்துக்கொள்ளலாம்.

குகை பாறையைக் குடைந்தது, கோயில் கற்களை வெட்டி அடுக்கிக் கட்டியது. இது ராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மனின் காலத்தது, அதாவது 8ஆம் நூற்றாண்டின் தொடக்கம். கடற்கரைக் கோயிலும் அவன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவதுதான். மேல் விமானம் போய்விட்டது, மொட்டையாக நிற்கிறது. சுவர்களில் கயிலையை உலுக்கும் இராவணன், தட்சிணாமூர்த்தி, ஆடும் சிவன். உப்புக்காற்று அவர்களின் முகங்களைத் தின்றிருக்கிறது.

இந்த மொட்டைக் கூரையின் மேல்தான் 1887இல் ஆங்கில அரசு கப்பல்களுக்காக விளக்கு ஏற்றியது. இன்றைய பாதுகாப்புச் சட்டங்களை நினைத்துக்கொண்டு பார்த்தால் திகைப்பாக இருக்கும். அன்றைய பொறியாளனுக்கு அது உயரமான, உறுதியான, செலவில்லாத மேடை. அவ்வளவுதான்.

‘இந்தியாவின் மிகப் பழைய கலங்கரை விளக்கம், கி.பி. 640இல் மகேந்திர பல்லவன் கட்டியது’ என்று இதைப் பற்றிப் பல இடங்களில் படிப்பீர்கள். ஒப்புக்கொள்வதற்கு முன் கணக்குப் பாருங்கள். முதலாம் மகேந்திரவர்மன் 630ஐ ஒட்டியே மறைந்துவிட்டான். கோயிலோ ராஜசிம்மன் காலத்துப் பாணி. பல்லவர் காலத்திலேயே இங்கே தீ வளர்த்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஆண்டோடு உறுதியாகச் சொல்லக்கூடியது 1887 விளக்குதான்.

அதற்காக இந்தக் கரையில் பழங்காலத்தில் விளக்கே இல்லை என்று ஆகிவிடாது. தொண்டைமான் இளந்திரையன் என்ற அரசனைப் பாடும் சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்று என்றொரு துறைமுகம் வருகிறது. அங்கே ஏணி சாத்தி ஏற வேண்டிய, கூரை வேயாத உயர்ந்த மாடம் ஒன்று. இரவில் அதன் மேல் எரியும் தீ, கடலில் ஓடும் கலங்களைத் துறைக்கு அழைக்கிறது. அந்த நீர்ப்பெயற்று மாமல்லபுரம்தான் என்பது அறிஞர் சிலரின் கருத்து, மறுப்பவர்களும் உண்டு. எந்த ஊராக இருந்தாலும் பல்லவர்களுக்கும் முந்திய தொண்டை நாட்டுக் கரை அது. ‘640’ என்ற எண்ணைவிட எனக்கு இந்த ஏணிதான் பிடித்திருக்கிறது.

கோபுரம் ஏறுதல்

கோயிலின் கூரை விளக்குக்குப் பதிலாக எழுந்ததுதான் இப்போதைய கோபுரம். 1904 முதல் வேலை செய்துவருகிறது. சென்னை மெரினா கோபுரம் போலச் சிவப்பு வெள்ளைப் பட்டை கிடையாது. கல்லின் நிறத்திலேயே விட்டிருக்கிறார்கள். கலங்கரை விளக்கங்களுக்குப் பட்டையும் நிறமும் அழகுக்காக அடிப்பதல்ல. பகலில் கடலிலிருந்து பார்க்கும் மாலுமி இது எந்த ஊர் என்று அடையாளம் காண வேண்டும். இங்கே குன்றும் அதன் மேல் உருண்டையான கல் தூணும் போதிய அடையாளமாகிவிட்டன.

பாதுகாப்புக் காரணங்களுக்காகப் பல ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2011 மார்ச்சில்தான் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அதற்கு முன்பு வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் மறுபடியும் வரலாம்.

ஏறுவதற்கு முன்:

- தண்ணீர் குடித்துவிட்டு ஏறுங்கள். உள்ளே பாட்டிலைத் திறக்க நின்றால் பின்னால் வருபவரும் நிற்க வேண்டியிருக்கும்.
- முதுகுப் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், அல்லது கீழேயே யாரிடமாவது விட்டுவிடுங்கள்.
- புடவையோ வேட்டியோ கட்டியிருந்தால் கடைசி ஏணியில் கவனம் வேண்டும். வழுக்கும் செருப்பும் ஆகாது.
- தொப்பி, துப்பட்டா, கண்ணாடி எல்லாவற்றையும் இறுக்கிக்கொள்ளுங்கள். மேலே காற்று கேட்டு வாங்காது.

உள்ளே சுழல் படிகள். குறுகியவை, இறங்குகிறவரும் ஏறுகிறவரும் எதிர்ப்பட்டால் ஒருவர் சுவரோடு ஒட்ட வேண்டும். கல் சுவர் தடிமனானதால் வெளியே கொளுத்தும் வெயிலிலும் உள்ளே புழுக்கம்தான் தெரியும், சூடு அவ்வளவாகத் தெரியாது. இது வரை யாரும் ஏறிவிடலாம். சிக்கல் கடைசிப் பகுதியில். செங்குத்தான ஏணி போன்ற படிகளில் ஏறி, தலையைக் குனிந்துகொண்டு மாடத்துக்கு வெளியே வர வேண்டும். பருமனானவர்களுக்கும் மூட்டு வலி உள்ளவர்களுக்கும் இங்கேதான் கஷ்டம். இறங்கும்போது ஏணியைப் பார்த்தபடி, பின்பக்கமாக இறங்குங்கள். சிறு குழந்தைகளை அழைத்து வந்தால் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் வேண்டும். தோளில் தூக்கிக்கொண்டு ஏறுவது ஆபத்து.

வெளியே வந்தால் கோபுரத்தைச் சுற்றி ஒரு குறுகிய நடை. ஒரு சுற்று வாருங்கள்.

கிழக்கே கடல். நீலத்தின் விளிம்பில் கடற்கரைக் கோயிலின் இரண்டு விமானங்கள், அதற்கு வடக்கே மீனவர் குப்பத்துப் படகுகள். கடலில் பழைய மாலுமிகளுக்கு இந்த ஊர் ‘ஏழு கோயில்’ என்ற பெயரில்தான் தெரியும். வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1770களில் இங்கே வந்து, 1788இல் அச்சான கட்டுரையில் எழுதியிருக்கிறார்: கடலுக்குள் பல கோயில்களின் உச்சிகளைத் தாங்கள் பார்த்ததாகவும், செம்புத் தகடு வேய்ந்த அவை காலை வெயிலில் மின்னியதாகவும் ஊர் முதியவர்கள் சொன்னார்களாம். அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கரையோரம் கற்களும் சிற்பங்களும் வெளிப்பட்டபோது அந்தக் கதைக்கு மறுபடி உயிர் வந்தது.

தெற்கே மரங்களுக்கிடையில் ஐந்து ரதங்கள். அவற்றுக்கும் அப்பால், வானம் தெளிவாக இருந்தால், கல்பாக்கம் அணுமின் நிலையம் தெரியும். ட்ரோன் பறக்கவிடும் எண்ணத்தோடு வராதீர்கள். தொல்லியல் சின்னங்களும் அணுமின் நிலையமும் சூழ்ந்த இடத்தில் அது விளையாட்டில் முடியாது.

மேற்கே யாரும் அதிக நேரம் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டியது அங்கேதான் இருக்கிறது. பக்கிங்காம் கால்வாயும் அதைச் சுற்றிய சதுப்பு நிலமும். ஒருபுறம் கடல், மறுபுறம் தாழ்ந்த நீர்நிலம். நடுவில் மணல் மேட்டில் திடீரென்று எழும் பாறை. தட்டையான இந்தக் கரையில் கடலிலிருந்து பார்க்கிறவனுக்கு வேறு அடையாளமே இல்லை. பல்லவச் சிற்பியும் ஆங்கிலப் பொறியாளனும் ஒரே பாறைக்கு வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

வடக்கே குன்றின் முதுகு. முடிவுறாத ராய கோபுரமும் பாறைகளும் புதர்களுமாக நீள்கிறது. திரும்புவதற்கு முன் கோபுரத்தின் காலடியைக் குனிந்து பாருங்கள். கீழிருந்து கோயிலாகத் தெரிந்த ஒலக்கண்ணேசுவரர் மேலிருந்து ஒரு விளக்கு மேடையாகவே தெரியும். 1887இல் அங்கே எதற்காக விளக்கை வைத்தார்கள் என்ற கேள்விக்கு இந்தக் கோணத்தைவிட நல்ல விடை கிடையாது.

விளக்கு எப்படி வேலை செய்கிறது

பார்வையாளர்களுக்கு இருக்கும் பெரிய ஏமாற்றம், உள்ளே பிரம்மாண்டமான விளக்கு இருக்கும் என்று நினைப்பது. கலங்கரை விளக்கத்தின் வலிமை சுடரில் இல்லை, கண்ணாடியில் இருக்கிறது. சாதாரண விளக்கின் ஒளி நாலாபுறமும் சிதறி, வானத்துக்கும் தரைக்கும் வீணாகிறது. அதைக் குவிக்கத் தடித்த வில்லை வேண்டும். தடித்த வில்லை கனக்கும், ஒளியையும் விழுங்கும். பிரெஞ்சுக்காரரான ஃபிரெனெல், வில்லையை முழுதாகச் செய்யாமல், கண்ணாடி வளையல்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியது போலப் பட்டை பட்டையாகச் செய்தார். ஒவ்வொரு பட்டையும் தன் மேல் படும் ஒளியை வளைத்துத் தொடுவானத்தை நோக்கி அனுப்பும். 1823இல் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் முதன்முதலாக இதைப் பொருத்தினார்கள். அதன் பிறகு உலகெங்கும் இதே முறைதான்.

வில்லை சுழலும்போது ஒளிக்கற்றை கடலின் மேல் வீசிக்கொண்டு போகும். கப்பலில் நிற்பவனுக்கு அது மின்னி மறையும் வெளிச்சமாகத் தெரியும். எத்தனை வினாடிக்கு ஒரு முறை, எத்தனை மின்னல் என்பது ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் வேறு. மாலுமி கையில் உள்ள அட்டவணையோடு ஒப்பிட்டு இடத்தைத் தெரிந்துகொள்வான். கோபுரத்தருகே இருக்கும் சிறு அருங்காட்சியகத்தில் பழைய விளக்குக் கருவிகளை வைத்திருக்கிறார்கள். ஏறுவதற்கு முன் பார்த்தால் வெறும் இரும்பாகத் தெரியும். இறங்கிய பின் பாருங்கள்.

செயற்கைக்கோள் வழிகாட்டி வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சட்டத்துக்கும் அந்தக் கேள்வி எட்டியிருக்கிறது. 1927ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கச் சட்டத்தை நீக்கிவிட்டு 2021இல் கடல்வழி உதவிகளுக்கான புதிய சட்டம் கொண்டுவந்தார்கள். பழைய கோபுரங்களைச் சுற்றுலா இடங்களாக்கும் வேலையும் கூடவே நடக்கிறது. 75 கலங்கரை விளக்கங்களில் செய்த சுற்றுலா வசதிகளை 2024 பிப்ரவரியில் தூத்துக்குடி விழாவில் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். விளக்கு மட்டும் எரிவதை நிறுத்தவில்லை. மின்கலம் தீர்ந்த கருவியோடு கரை திரும்பும் படகுக்கு இன்றும் அதுதான் துணை.

இறங்கிய பின்

மேலிருந்து பார்த்த வரிசையிலேயே நடந்துவிடலாம். வெயில் ஏறிவிட்டால் முதலில் வடக்கே போங்கள். குகைகளின் நிழல் இருக்கும். வராக மண்டபம், கணேச ரதம், வெண்ணெய்ப் பந்து, அர்ச்சுனன் தபசு எல்லாம் குன்றை ஒட்டியே வரும். மதியச் சாப்பாட்டுக்கு ஒத்தவாடைத் தெரு. மீன் விலையைச் சமைப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஐந்து ரதங்களுக்கு நிழல் கிடையாது, ஆகவே மாலை நான்குக்கு மேல். கடைசியாகக் கடற்கரைக் கோயில்.

இரவு தங்குகிறவர்கள் இருட்டிய பின் கடற்கரைக்குப் போய்க் கோபுரத்தைப் பார்த்தபடி நின்று, ஒரு மின்னலுக்கும் அடுத்ததற்கும் இடையே எண்ணிப் பாருங்கள். குழந்தைகள் சலிக்காமல் செய்யும் வேலை இது.

ஏற முடியாதவர்களுக்கு

முதியவர்களையும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களையும் இங்கே ஏற்ற வழியில்லை. கோபுரத்தடிக்கு வருவதற்கே பாறைச் சரிவு ஏற வேண்டும். அவர்களுக்குச் சென்னை மெரினாவில் உள்ள கலங்கரை விளக்கத்தைச் சொல்வேன். 1977இல் திறந்தது, லிஃப்ட் இருக்கிறது. அதுவும் பல காலம் மூடிக் கிடந்து 2013 நவம்பரில் பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது. பறக்கும் ரயிலில் கலங்கரை விளக்கம் என்ற பெயரிலேயே ஒரு நிலையம் உண்டு. திங்கட்கிழமை விடுமுறை, அன்று போய்விடாதீர்கள்.